மரண அறிவித்தலில் இல்லாத பெயர்

சென்ற வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு எழும்பிக் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தால் ஒரு பெண் குரல். என்னைவிட வயது கூடியவர் என்பது கேட்டவுடனே விளங்கியது. என் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொல்லி, நான்தானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, "நீங்கள் வாட்ஸ்அப்பிலை விட்ட வம்சாவளிப் படம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது" என்றார். அந்தப் படத்துக்காக நாலு வருடம் அலைந்தவள் நான். புதிதாக ஒரு உறவு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், "நீங்கள் எந்தப் பக்கம், ஆற்ற பிள்ளை?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அதிலை உங்கட அப்பப்பாவுக்கு அஞ்சு பிள்ளையள் எண்டு கிடக்கு. ஆறு பேர். எங்கட அம்மா ரெண்டாவது. அம்மா இன்னும் இருக்கிறா."

அவர்கள் இருப்பது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம், மீசாலையில். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். மலேசியாவில் கிள்ளானில் யார், சிரம்பானில் யார், கனடாவில் ஸ்காபரோவில் யார் என்று இரவிரவாகத் தேடி, அறியாத மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நான், அப்பாவோடு கூடப்பிறந்த அக்கா, என் சொந்த மாமி, கண்டி வீதியோரத்து ஒரு ஒழுங்கைக்குள் சீவித்துக்கொண்டிருப்பதை நாற்பது வயதுவரை அறியாமல் இருந்திருக்கிறேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். தலை நிமிராமல், "ஓம், இருந்தவ" என்றார். "இருக்கிறா, அம்மா" என்றேன். உரித்த வெங்காயத்தைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அன்றைக்கு அதற்குமேல் அவர் கதைக்கவில்லை.

அந்த அழைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உயிரோடு இருக்கிற உறவுகளைத் தேடிப் போவது என்றால் என்ன என்று அதற்கு முன்னர் நான் நினைத்திருந்தது வேறு, இப்போது நினைப்பது வேறு. மனம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

ட்ரங்குப் பெட்டி

அப்பா 2016இல் காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும், அதில் வம்சாவளி ஒன்று போட வேண்டும் என்று அண்ணா சொன்னார். எங்கள் ஊர்க் கல்வெட்டுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேவாரமும் சிவபுராணமும் முன்னுக்கு, இரங்கற்பாக்கள் நடுவில், வம்சாவளி கடைசியில். 31ஆம் நாள் வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள்; வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோவோம். ஆனால் குடும்ப வரலாறு தேடுகிற ஒருவருக்கு அதைப்போலப் பொக்கிஷம் வேறில்லை. 2005 தொடக்கம் நடக்கிற நூலகம் இணையத்தளத்தில் இந்த நினைவு மலர்களை வருடி ஏற்றியிருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் கறையான் தின்றதும் ஷெல்லில் எரிந்ததும் போக மிஞ்சியவை. அவற்றில் ஒன்றைத் திறந்து, யாரோ ஒருவருடைய பூட்டனின் பெயரும் என் பூட்டனின் பெயரும் ஒரே வரியில் நிற்பதைக் கண்ட இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

அப்பாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் மூன்று சாமான்கள் இருந்தன. முதலாவது ஒரு படம். கோட்டுப் போட்ட, தலைப்பாகை கட்டிய ஒரு வாலிபர், பூட்டனின் தம்பி. பின்பக்கத்தில் தைப்பிங் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. மலாயாவின் முதல் ரயில்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போனது. அதற்குப் பிறகு அங்கே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் ஆங்கிலம் படித்த ஆட்களுக்கு வேலை இருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்கள் அப்படிப் படித்த ஆட்களை ஏற்கெனவே உண்டாக்கியிருந்தன. பெடியள் கப்பலேறினார்கள். காசுக்கட்டளை வந்தது, கல்வீடு எழும்பியது, பென்சனோடு திரும்பி வந்தவர்கள் 'மலாயா பென்சனியர்' ஆனார்கள். எங்கள் ஆள் திரும்பி வரவில்லை. 1941 கடைசியில் யப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கியதோடு கடிதம் நின்றது. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. அவர் இருந்தாரா, பிள்ளைகள் இருந்தார்களா என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. நான் முதலில் தேடப் புறப்பட்டது அவரைத்தான்.

இரண்டாவது, அப்பாவின் பிறப்புப் பத்திரம். எங்கள் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கட்டம் உண்டு. பூட்டனாருக்கும் ஒரு கட்டம் உண்டு. குடும்பம் தேடுகிறவளுக்கு அது வரப்பிரசாதம் என்று ஆசையோடு வாசித்தேன். பிறகுதான் மண்டையில் தட்டியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்றுதான் கேட்டது. அதற்கு மறுமொழி காட்ட முடியாமல் மலையகத்தில் இலட்சக்கணக்கான சனம் நாடற்றவர்கள் ஆனார்கள். பரம்பரையை எழுதச் சொல்லிக் கேட்பது எப்போதும் அன்பினால் கேட்பதல்ல. இதை நான் அப்போதே கொஞ்சம் ஆழமாக யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டு. 1974இல் அப்பப்பா செத்தபோது போட்ட மரண அறிவித்தல். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் என்று நாங்கள் தினமும் வாசிக்கிற அதே நடை. உலகத்தில் வேறு எந்தச் சமூகம் ஒருவர் செத்த செய்தியோடு இவ்வளவு உறவுமுறையையும் சேர்த்து அச்சடிக்கிறதோ எனக்குத் தெரியாது. ஒரு மரண அறிவித்தலை வைத்து மூன்று தலைமுறையை வரைந்துவிடலாம். நானும் வரைந்தேன். பாசமிகு தந்தையும் என்ற இடத்தில் ஐந்து பெயர் இருந்தது. ஐந்து வட்டம் போட்டேன். அச்சான செய்தி, குடும்பமே கொடுத்த செய்தி. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் கேக்கிறாய் பிள்ளை?"

இதற்கிடையில் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கத் தொடங்கியிருந்தேன். ஒற்றை ரூள் கொப்பி ஒன்றில் பெயர்களை எழுதி வைத்து ஒவ்வொருவராக அழைப்பேன். வணக்கம் சொல்லி, நான் இன்னாரின் மகள் என்று சொல்லி, நேரே விஷயத்துக்கு வருவேன். உங்கள் அப்பாவின் முழுப் பெயர், பிறந்த வருடம், எத்தனை சகோதரம், அவர்கள் எங்கே கலியாணம் முடித்தார்கள். கச்சேரியில் விண்ணப்பம் நிரப்புகிற மாதிரி. பாதிப் பேர் மறுமொழி சொல்லவில்லை. ஒரு வயதான பெரியம்மா, நல்ல மனுசி, என் கலியாணத்துக்கு முன்னுக்கு நின்று வேலை செய்தவர், "ஏன் கேக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, மகன் வந்த பிறகு கதைக்கச் சொல்லி வைத்துவிட்டார். மகன் எடுக்கவேயில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் திடீரென்று போன் எடுத்து உங்கள் பாட்டன் யார், எந்தக் குறிச்சி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், போனின் மறுபக்கத்தில் இருப்பவரின் மனதில் முதலில் என்ன ஓடும்? காணி ஓடும். எங்களுடைய வழக்குச் சட்டமான தேசவழமையில், பரம்பரையாக வந்த முதுசம் முதுசம்தான். ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த காலத்திலிருந்து, பங்குக் காணியை விற்பதென்றால் உடன்பங்காளிக்கும் வாரிசுக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்பது வழக்கு. எத்தனை வாரிசு, யார் வெளிநாட்டில், யார் செத்துவிட்டார்கள் என்பதெல்லாம் உறுதி எழுதும்போது கேட்கிற கேள்விகள். இன்னொருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்ற பயம் வேறு. இடம்பெயர்ந்தவர்களுக்காக அதில் 2016இல் விசேட சட்டம் வந்தது, ஆனாலும் ரொறன்ரோவில் இருந்துகொண்டு தெல்லிப்பழைக் காணியை நினைத்து நித்திரை கொள்ளாத ஆட்கள் எனக்குத் தெரியும். அப்படியான ஒருவருக்கு நான் அனுப்பிய நீண்ட குறுஞ்செய்திக்கு வந்த பதில் ஒரே வரி: "காணி விசயமெண்டால் எங்கட அப்புக்காத்தோட கதைக்கவும்."

காணி இல்லையென்றால் கலியாணப் பேச்சு. அதுவும் இல்லையென்றால் சாதி. 'ஆர் ஆக்கள்' என்ற கேள்வியை நேராகக் கேட்க வெட்கப்பட்டு, ஊர் கேட்டு, குறிச்சி கேட்டு, கோயில் கேட்டு, கடைசியில் தாத்தாவின் பெயர் கேட்டுச் சுற்றி வந்து பிடிக்கிற பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கேள்வியின் உடுப்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் தாண்டி, பட்டியல் என்றாலே பயப்படுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், ஆண் எத்தனை, வயது என்ன என்று ஆமிக்குப் பதிந்து கொடுத்த சனம் நாங்கள். பெயரும் வயதும் கேட்டு ஒருவர் கொப்பியில் எழுதினால் வயிற்றைக் கலக்காதா?

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லாமல் தாண்டுகிறேன். வன்னியில் இருக்கிற ஒரு உறவுக்காரம்மா, எல்லாக் கேள்விக்கும் பொறுமையாக மறுமொழி சொன்னவர். மகனின் பெயருக்கு வந்ததும், 2009 மேயில், யுத்தம் முடிந்தபோது, ஆமியிடம் கையளித்த பிள்ளை என்றார். நான் வரைந்த கட்டத்தில் 'பிறந்தது – இறந்தது' என்று இரண்டு கோடு இருந்தது. "அவனுக்கு ரெண்டாவது கோட்டிலை என்ன போடப்போறாய்?" என்று கேட்டார். ஒன்றும் போடமாட்டேன் அன்ரி என்றேன். கோட்டையே அழித்துவிட்டேன், அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் நல்லது நடந்தது. மலேசியாவில், அந்தத் தைப்பிங் வாலிபரின் பேத்தி ஒருவர் கிடைத்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆட்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலுக்குப் போய்வருகிற ஒருவர் மூலம் கைமாறிக் கைமாறிக் கிடைத்த தொடர்பு. அவருக்கு நான் கேள்வி எதுவும் அனுப்பவில்லை. ஆங்கிலத்தில் எழுதப் பயமாக இருந்ததால் அந்தப் படத்தை மட்டும் அனுப்பினேன். அவர்களிடம் அந்த மனிதரின் வாலிப வயதுப் படம் ஒன்றுகூட இல்லையாம். இரண்டு நாளில் எட்டுப் படம் வந்தது. பிறகு குரல்பதிவுகள், தமிழும் மலாயும் கலந்து. நான் கேட்காததெல்லாம் சொன்னார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பம்மா சொல்லித்தான் எங்களை வளர்த்தார். ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டும். தொலைபேசியில் போவதற்கும் அதே முறைதான் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் பிடிபட்டது.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் ஒரு பெரிய தாளில் வரைந்து, படமெடுத்து, தைப்பொங்கலன்று குடும்பக் குழுவில் விட்டேன். கைதட்டல், பூங்கொத்து, கும்பிட்ட கை என்று வந்து குவிந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் குழுக்களுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் அது மீசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

மீசாலை

அடுத்த சனிக்கிழமை போனேன். அண்ணா வரவில்லை. அம்மாவை நான் கேட்கவில்லை; வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். திறந்து பார்க்காமலே பஸ் ஏறினேன். நாவற்குழிப் பாலம் தாண்டும்போது பிரித்தேன். நல்லெண்ணெய் ஒரு போத்தல், பனங்கட்டிக் குட்டான் ஒன்று, ஒரு நூல்சேலை.

மச்சாள் வீதிவரை வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒழுங்கைக்குள் நாலாவது படலை. வளவு நிறைய மாமரம். விறாந்தையில் கதிரையில் இருந்தவரைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. அப்பா சேலை உடுத்துக்கொண்டு இருப்பதுபோல இருந்தது. அதே நெற்றி, இடப்பக்கம் கொஞ்சம் சரிந்த அதே தோள். 86 வயது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, முகத்தைத் தடவி, "தம்பியின்ர மூக்கு" என்றார். அப்பா செத்த செய்தி அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவரே சொன்னார், "2016இலை. எனக்குத் தெரியும். துடக்குக் காத்தனான்." எவரும் அழைக்காத வீட்டிலிருந்து, எவருக்கும் தெரியாமல், தம்பிக்காக 31 நாள் துடக்குக் காத்திருக்கிறார்.

அவர் 1961இல் எழுத்தெழுதிக் கலியாணம் முடித்தவர். சாவகச்சேரிப் பக்கத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். மாமாவும் வாத்தியார்தான். எங்கள் வீட்டாருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு ஒரே காரணம் சாதி. இதை வேறு மெதுவான சொல்லால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாதியைக் காட்டிக் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் ஆளைத் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் படலைக்குள் அந்தச் சட்டம் வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லிச் சனம் போராடியபோது மாமாவும் போய் நின்றாராம். "ஐயா எந்தப் பக்கம் நிண்டிருப்பார் எண்டு நான் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை" என்றார் மாமி.

பிறகு அந்த மரண அறிவித்தலைப் பற்றிக் கேட்டார். கொண்டு வந்தாயா என்றார். கைப்பைக்குள் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. மாமி மச்சாளைப் பார்த்தார். மச்சாள் உள்ளே போய், பழைய பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் அதே துண்டு. என்னிடம் இருப்பதைவிடக் கவனமாக, கசங்காமல், மெழுகுத் தாளுக்குள். ஆனால் செய்தி முதலில் வந்தது பத்திரிகையில் அல்ல. "ரேடியோவிலைதான் கேட்டனான். பக்கத்து வீட்டிலை. ஊர்ப் பேர் சொன்னவுடனை நெஞ்சு இடிச்சுது. பிறகு ஐயான்ர பேர். அழேல்லை நான். பிள்ளையளின்ர பேர் வாசிக்கத் துவங்கினவை. அண்ணான்ர பேர் வந்தது. அடுத்தது என்ர பேர் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். தம்பியின்ர பேர் வந்தது. சரி, பொம்பிளைப் பிள்ளையளைப் பிறகு வாசிப்பினம் எண்டு நினைச்சன். தங்கச்சியின்ர பேர் வந்தது. பிறகு மருமக்கள். அதுக்குப் பிறகுதான் அழுதனான்."

இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். 50 வருடம் வைத்திருந்து தேய்ந்துபோன சொற்கள். எனக்குத்தான் உடம்பு நடுங்கியது. ஏனென்றால் ரேடியோ அன்றைக்கு ஒரு தடவை வாசித்தது. அதையே நான் சென்ற வருடத் தைப்பொங்கலன்று மறுபடி வாசித்திருக்கிறேன், அழகான எழுத்தில், வண்ணக் கோடு போட்டு, முன்னூறு பேருக்கு. அப்பப்பாவும் அவருடைய ஆட்களும் 1974இல் தெரிந்து செய்ததை, தெரியாமல் இரண்டாவது தடவை செய்தது நான். ஆவணத்தில் இருந்தது, ஆகவே உண்மை என்று நம்பினேன். மரண அறிவித்தலைக் கொடுப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்று செத்தவீட்டு முற்றத்தில் இருந்து தீர்மானிப்பவர்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் வீடுகளில் எத்தனை தடவை நடந்தது! ஆனால் பழைய தாளைக் கண்டவுடன் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சொன்ன இன்னொன்றை இங்கே எழுதலாமா என்று மச்சாளிடம் கேட்டேன். எழுதச் சொன்னார். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுக்க மழைக்குள் எழும்பி நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நாங்களும் நடந்தோம். எனக்குப் 11 வயது. அப்பா, அம்மா, அண்ணா, அப்பம்மா. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், அடுத்த சித்திரையில் திரும்பும்வரை. அது இந்த ஒழுங்கையிலிருந்து ஒரு கட்டை தூரத்துக்குள் இருக்கிற பள்ளிக்கூடம். மாமிக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. வரவில்லை. ஆனால் அப்பம்மா பின்னேரங்களில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருவார், அது எனக்கு நல்ல ஞாபகம். திரும்பும்போது சிலநாள் வாழையிலையில் பிட்டுக் கொண்டு வருவார், கோயிலில் யாரோ தந்ததென்று. சண்டை போட்டுக்கொண்டு நானும் அண்ணாவும் தின்போம். "அம்மா கோயில் கேணியடிக்கு வருவா" என்றார் மாமி. "கன நேரம் இருக்கமாட்டா. பேரப்பிள்ளையளுக்குப் பசிக்கும் எண்டு சொல்லிப் பொதியை வாங்கிக்கொண்டு போயிடுவா." அப்பம்மா 1998இல் செத்தார். அந்த மரண அறிவித்தலிலும் ஐந்து பெயர்தான்.

அவற்ற பேரையும் போடு

புறப்படும்போது, படத்தைத் திருத்தி வரைகிறேன் மாமி, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வது என்ற தெளிவாவது வந்திருந்தது. அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "என்ரயைப் போட்டால் அவற்ற பேரையும் போடு. அவற்ற தாய் தேப்பன்ர பேரையும் போடு. மற்ற மருமக்களுக்கு எப்பிடிப் போட்டிருக்கிறியோ அப்பிடி." சரியான கேள்விதான். மற்ற மருமக்களுக்கெல்லாம் சம்பந்தி வீட்டுப் பெயரும் ஊரும் இருந்தன. ஒரு துண்டுத் தாளில் மச்சாள் எழுதித் தந்தார். மாமி வாங்கிப் பார்த்து, மாமாவின் தாயார் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தித் தந்தார்.

மச்சாளின் மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், அதுவரை திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவன், தன் பெயர் வேண்டாம் என்றான். "அம்மம்மாவை வெளியிலை விட்ட ஆக்களின்ர படத்திலை நான் ஏன் இருக்க வேணும்?" மச்சாள் அவனை அதட்டப் பார்த்தார். நான் மறித்தேன். அவன் சொன்னது நியாயம். அவனுக்கு வட்டமும் இல்லை, வெறுங்கோடும் இல்லை. இங்கே ஒருவர் இருக்கிறார் என்று காட்டுகிற புள்ளிகூட வைக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவு உரிமை என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. இருப்பவர்களைப் பற்றி இல்லை. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிறந்த திகதி, படம், இருக்கிற இடம் எதையும் குழுவில் விடுவதில்லை என்றும் அன்றைக்குத் தீர்மானித்தேன்.

திருத்திய படத்தைச் சித்திரை வருடப்பிறப்பு கழித்து விட்டேன். இந்தத் தடவை பூங்கொத்து வரவில்லை. ஒரு மச்சான் லண்டனில் இருந்து தனியாக எழுதினார், இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறாய், இருக்கிற கொஞ்சப் பேருக்குள்ளும் மனஸ்தாபம் வேண்டுமா என்று. இருவர் குழுவை விட்டுப் போனார்கள். சம்பந்தி பெயர்களை மட்டும் எடுத்துவிடு, மாமி பெயர் இருக்கட்டும் என்று சமரசத்துக்கு வந்தவரும் உண்டு. மாட்டேன் என்றேன். இவ்வளவு நாளும் பெரியவர்கள் சொன்னதற்கு எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாதவள் நான். அன்றைக்குச் சொல்ல வந்தது.

எனக்கு இருந்த பயமெல்லாம் பெரியப்பாவைப் பற்றித்தான். ஆறு பேரில் மாமியைத் தவிர உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே. மாமிக்கு அடுத்தவர், 83 வயது, ஸ்காபரோவில் மகளோடு இருக்கிறார். 1974இல் அந்த அறிவித்தலைக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான் என்று அம்மா பிறகு சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டார் என்பதை நீலச் சரி அடையாளம் காட்டியது. மறுமொழி இல்லை. கிழமைக்கு ஒருமுறை எடுக்கிறவர், இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கேள்வியோடு ஒரு வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன்.

மூன்றாவது கிழமை, இங்கே இரவு, அவருக்குக் காலை. எடுத்தார். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். மழையைக் கேட்டார். முழங்கால் வலியைச் சொன்னார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது, "அந்த ஒழுங்கை முகப்பிலை ஒரு பூவரசு நிண்டது, பெரிசு. இப்பவும் நிக்குதோ?" என்று கேட்டார். எந்த ஒழுங்கை என்று நான் கேட்கவில்லை. மீசாலை என்று படத்தில் இல்லை. எவருக்கும் நான் சொல்லவும் இல்லை. "நான் கவனிக்கேல்லை பெரியப்பா. போகேக்கை பாத்துச் சொல்லுறன்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

போன கிழமை போனேன். ஒழுங்கை முகப்பில் பூவரசு இல்லை, சீமெந்து மதில்தான். மாமி விறாந்தையில் சுளகோடு இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அது 2000ஆம் ஆண்டுச் சண்டையிலை ஷெல் பட்டு முறிஞ்சு போச்சு" என்றார். இரண்டு தடவை புடைத்தார். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் கேட்டது?"